மரண அறிவிப்பில் இருந்தவர் எங்கள் ஆயாம்மா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தில், வலது ஓரத்தில் கீழே, ஒரு சின்னப் படம் வந்திருந்தது. வயது 92, சுங்கை சிப்புட், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம், அவ்வளவுதான். படத்துக்குக் கீழே போட்டிருந்தது அடையாளக் கார்டில் உள்ள பெயர். அந்தப் பெயர் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் ஆயாம்மா, எங்கள் அம்மா அப்பாவுக்கும் ஆயாம்மா, கடை வைத்திருந்த சீனருக்குக்கூட ஆயாம்மாதான். அதனால் பக்கத்தைப் புரட்டியவர்கள் யாரோ ஒரு பாட்டி என்று நினைத்துப் புரட்டிக்கொண்டே போய்விட்டார்கள். பதினாறாம் நாள் முடிந்த பிறகு கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் மேல் போன். "ஆயாம்மாவா? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?" என்று அழுதவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் முதலில் இந்தக் கடிதம். உங்களால் முடிந்தால் கொஞ்சம் இடம் கொடுத்துப் போடுங்கள்.

ஆயாம்மாவின் அப்பா அம்மா இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்கு வந்து பினாங்கில் இறங்கியவர்கள். அவர் பிறந்தது இங்கேதான், எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். கார்டில் 1932 என்று இருந்தது, அது சரியா இல்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவை சயாம்-பர்மா ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, கூலி உண்டு, திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது, 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள், எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருடைய அப்பா வரவில்லை. எங்கே செத்தார், எந்த முகாமில், காலராவா பசியா, ஒன்றும் தெரியாது. அந்த வயதிலேயே ஆயாம்மா மரவள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் மண் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் 1948. சுங்கை சிப்புட்டில் ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள், நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது, இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, கேட்டில் நின்று பால் வெட்டப் போகிற பெண்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, சோறு ஒளித்துக் கொண்டுபோகிறாயா என்று கேட்டு அனுப்பியது. காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று மதியச் சாப்பாட்டை வேலைக்காட்டுக்கு எடுத்துப் போகவே விடமாட்டார்கள். விடியாத நேரத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நெரைக்குள் இறங்கி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் ஒவ்வொன்றிலும் பால் எடுத்து, காண்டாக் கம்பில் வாளியைத் தோளில் தூக்கி ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டுப் பகல் போனபின் வீடு வந்துதான் முதல் வாய்ச் சோறு. ஆயாம்மா அப்போது மாசமாக இருந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

மேட்டில் வழுக்கி விழுந்து முட்டி போன பிறகுதான் அவரை ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டத்துக் கொட்டகை தகரக் கூரை, நடுவில் நீளமாக ஒரு உத்திரம், அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். இருட்டோடு இருட்டாக அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை கைலியில் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகள் அழும். ஆயாம்மா அந்தச் சத்தத்திலும், "அது பசி இல்லை, அது காது வலி" என்று தனியாகப் பிரித்துச் சொல்வார். தொட்டில் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, ஒரு கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு நாலு தொட்டிலை ஒரே ஆட்டாக ஆட்டுவார், கை பாட்டுக்கு மாவுப்பால் கலக்கிக்கொண்டிருக்கும். இதை நான் பெரியவனாகி, என் தங்கை அங்கே கிடந்தபோது வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கொட்டகை வேலை என்றால் பகல் வேலை மட்டும் இல்லை. தோட்டம் கைமாறிய பிறகு மருந்து கொடுக்கிற டிரெசர் போய்விட்டார், மருந்துக் கொட்டகையை மூடிவிட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் ஆஸ்பத்திரி எவன் நடத்துவான்? பிரசவ வலி வந்தால் ராத்திரி கதவைத் தட்டுவது ஆயாம்மா வீட்டில்தான். மருத்துவச்சிப் பாட்டி இருக்கும் வரைக்கும் அவருக்குக் கை உதவி, பாட்டி போன பிறகு ஆயாம்மாவே எல்லாம்.

இதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. பிள்ளை பிறந்தால் 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். டிரெசர் இருந்தவரை அவரே எழுதி அனுப்பிவிடுவார். அவர் போன பிறகு பதிவதற்கு டவுனுக்குப் போக வேண்டும், ஒரு நாள் கூலி போகும், படிவம் நிரப்ப ஆள் தேட வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, நாள் கடந்து, தண்டம் போடுவார்களோ என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்ட குடும்பங்கள் ஏராளம். தோட்டத்துப் பள்ளியில் தலைமையாசிரியர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போதுதான் இடிக்கும். பிறப்புப் பத்திரம் எங்கே? நீ இங்கே பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?

அத்தாட்சி ஆயாம்மாதான். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று, இந்தப் பிள்ளை இந்த லயத்தில் இந்த அம்மாவுக்குப் பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக் கீழே பெருவிரல் ரேகை வைப்பார். எத்தனை பிள்ளைகளுக்கு வைத்தார் என்று அவரும் கணக்கு வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு மட்டும் இல்லை, பிரசவம் பார்க்கப் போன பக்கத்துத் தோட்டங்களுக்கும் போயிருக்கிறார். கூலி வாங்கமாட்டார், பஸ் காசும் ஒரு கோப்பியும் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர், தேதியை எப்படி நினைவு வைத்தார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பிறப்பையும் ஏதாவது ஒன்றோடு முடிந்து வைத்திருப்பார். இவள் சுதந்திரத்துக்கு மறுநாள். இவன் 1969 மே கலவர ஊரடங்கில் பிறந்தவன், விளக்கைக்கூடத் திரி இறக்கி வைத்திருந்தோம். அவள் தீமிதிக்குக் காப்புக் கட்டிய ராத்திரி.

நான் பழைய ஒரு வெள்ளி (டாலர்) நோட்டு 85 காசாகப் போன வாரம் பிறந்தவன். இளையவர்களுக்கு இது தெரியாது. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். அதோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா நோட்டும் சேர்ந்து இறங்கியது, ஒரு வெள்ளி நோட்டு புது வெள்ளிக்கு 85 காசு. பாயின் கீழே, அரிசிப் பானையில் என்று பழைய நோட்டாகச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்கு நூற்றுக்குப் பதினைந்து போனது. பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமானது. அந்த வாரம் என் அம்மா வலியில் கிடந்தபோது பக்கத்து வீட்டில் அந்தப் பதினைந்து காசுக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

1979இல் என்னை ஆயாம்மா அழைத்துப் போனார். அப்பா இறந்துவிட்டார், அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரி கொஞ்சம் வயதானவர், தேதி எப்படித் தெரியும் என்று சந்தேகத்தோடு கேட்டார். ஆயாம்மா சட்டென்று, "இத்து மிங்கு டுவிட் லாமா ஜாடி லாப்பான் பூலோ லீமா சென்" என்றார், பழைய காசு 85 காசான வாரம் என்று. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அம்மாவும் தலையணைக்குள் நோட்டு வைத்திருந்து ஏமாந்தவராம். இரண்டு பேரும் அந்த நோட்டுக் கதையைப் பேசினார்கள், பேசி முடித்துவிட்டு அவர் எழுதிக்கொண்டார். எனக்குக் கார்டு வந்தது. கார்டு இருந்ததால் லைசென்ஸ் எடுத்தேன், பிறகு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றைக்கு ஈப்போவில் சொந்தமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த ஒரு ரேகை இல்லையென்றால் இதில் எதுவும் இல்லை. கார்டு கிடைக்காமல், திருமணத்தைப் பதிய முடியாமல், அவர்கள் பிள்ளைகளுக்கும் பத்திரம் இல்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அது ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயாம்மா கேட்டவர்களுக்கெல்லாம் ரேகை வைத்தவர் இல்லை. ஒருமுறை வெளியூர் ஆள் ஒருவர் 50 வெள்ளியோடு வந்து, ஒரு பையனுக்குச் சாட்சி சொல்லச் சொன்னார். 50 வெள்ளி என்பது அந்தக் காலத்தில் அவருக்குப் பெரிய பணம், மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டிய நேரம். "நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லையே அய்யா. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், நாளைக்குப் பார்த்ததைச் சொல்லும்போது என்னை எவன் நம்புவான்?" என்று அனுப்பிவிட்டார். அந்த ஆளுக்குப் பசியாறக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

சரி, இவ்வளவு பேருக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தவரின் சொந்தக் கார்டு என்ன நிறம் தெரியுமா? சிவப்பு. சாகிற வயது வரைக்கும், ஏறக்குறைய, சிவப்பு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் கார்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஓராண்டு, இங்கே பிறந்தவர்கள் மலாய் மொழித் தேர்வு இல்லாமலேயே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி இருந்தது. அவருடைய கணவர் போய்ப் பதிந்துகொண்டார். பெண்டாட்டிக்குத் தனியாக எதற்கு, புருஷனோடு சேர்ந்து வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தை வேறு. அந்த ஓராண்டு போனது போனதுதான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத்து மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பினாங்கில் கப்பல் ஏறினார்கள். ஆயாம்மாவின் தம்பி குடும்பமும் போனது. "நீயும் வா" என்று கூப்பிட்டார்களாம். "எனக்கு அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். பிறந்த மண்ணில் தொட்டில் ஆட்டுவதற்கு பெர்மிட் வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

மனு போடாமல் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள், இல்லை. பிறந்ததைப் பார்த்த சாட்சி கேட்டார்கள். அப்பா சயாமில் போய்விட்டார், அம்மா போய்விட்டார், மருத்துவச்சிப் பாட்டியும் போய்விட்டார். ஊருக்கெல்லாம் சாட்சி சொன்னவருக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் உயிரோடு இல்லை. நாங்கள் அத்தனை பேர் இருந்தோம், எல்லோரும் அவரை விட இளையவர்கள், எங்கள் சத்தியம் எதற்கும் உதவாது. ஒரு நேர்காணலில் மலாய் வாசிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். தமிழே வாசிக்கத் தெரியாத, பள்ளிக்கூட வயதில் கிழங்குக்கு மண் கொத்திய மனுஷியிடம். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன்.

2018இல் ஆட்சி மாறிய பிறகு, 60 வயதைத் தாண்டிய சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கொடுக்கப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். உங்கள் பத்திரிகையிலும் முதல் பக்கச் செய்தியாக அது வந்ததாக நினைவு. மகள் அந்த வாரமே பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, இருந்த தாளையெல்லாம் எடுத்தார். தோட்டத்து வேலைச் சான்று, பெர்மிட், கணவரின் குடியுரிமைப் பத்திரம், அப்புறம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. தோட்டங்கள் துண்டாடப்படுவதைப் பார்த்து, தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்று மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். ஆயாம்மாவும் கட்டியிருக்கிறார். இந்த நாட்டுத் தோட்டத்தில் பங்கு இருந்தது, ஓட்டு இல்லை.

நீலக் கார்டுக்கு, அதாவது குடிமக்கள் கார்டுக்கு, கூப்பிட்டபோது நான்தான் காரில் அழைத்துப்போனேன். அங்கே ஒரு கூத்து நடந்தது. கைரேகை எடுக்கிற மெஷின் அவருடைய பெருவிரலைப் பிடிக்கவே இல்லை. உளி பிடித்தும், ஒட்டுப்பால் சுரண்டியும், அப்புறம் இருபது வருஷம் தொட்டில் துணி துவைத்தும் ரேகை தேய்ந்து மழுமழுவென்று இருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பிள்ளை பொறுமையாக ஈரத் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி வைத்து, கட்டைவிரல் இல்லையென்றால் அடுத்த விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. "மக்சி, தெக்கான் குவாட் சிக்கிட்" (அம்மா, கொஞ்சம் பலமாக அழுத்துங்கள்) என்று அது சொல்லச் சொல்ல, ஆயாம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை அழுத்தினார். எங்களுக்கெல்லாம் மையில் தோய்த்து வைத்த அதே பெருவிரல். கடைசியில் இடது கையில் ஏதோ ஒரு விரல் பிடித்தது. அந்தப் பெண்ணே கை தட்டியது.

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் சக்கர நாற்காலியில் போய் ஓட்டுப் போட்டார். 90 வயதில் முதல் ஓட்டு, அதுவே கடைசி ஓட்டும். யாருக்குப் போட்டாய் என்று பேரன் கேட்டதற்கு, "அதைச் சொல்லக் கூடாதாமே" என்று சொல்லிவிட்டார்.

இப்போது தோட்டம் இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான், அதாவது குடியிருப்பு வீடுகள். கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. நாங்கள் எங்கெங்கோ சிதறிவிட்டோம். ஆனால் சிவப்புக் கார்டோடு இன்னும் பாட்டிமாரும் தாத்தாமாரும் இருக்கிறார்கள், சுங்கை சிப்புட்டிலேயே எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். 80ஐத் தாண்டியவர்களிடம் பிறந்ததைப் பார்த்த சாட்சியைக் கேட்பது என்ன நியாயம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேலை செய்த தோட்டத்துப் பதிவு, இங்கே பெற்ற பிள்ளைகளின் பத்திரம், சங்கச் சந்தா ரசீது இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவு செய்தால் போதாதா? உங்கள் பத்திரிகை இதைப் பற்றித் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஒரு நாள் செய்தியாகப் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு. தாமதமாகப் பதிந்தவர்கள் வீட்டில் பழைய சத்தியப் பிரமாணத் தாளின் நகல் எங்காவது கிடக்கும். எடுத்துப் பாருங்கள், கீழே அவர் ரேகை இருக்கும். அம்மா எத்தனை பேருக்குச் சாட்சி சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவர் மகள் ஆசைப்படுகிறார். பெயரும் பிறந்த வருஷமும் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால், ஆசிரியர் அனுமதித்தால், நான் வந்து வாங்கி மகளிடம் சேர்த்துவிடுகிறேன். பத்திரத்தின் நகல் அனுப்ப வேண்டாம், அது பத்திரமாக உங்களிடமே இருக்கட்டும். பிறந்த தேதியை ஆயாம்மா எதை வைத்துச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
1967இல் பிறந்த வாசகன்,
ஈப்போ